நள்ளிரவு, அந்தமான் கடல், ஒரு சிறு விமானம்: சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்துக்கு என்ன ஆச்சு?

சிட்னி விமான நிலையத்துக்கு ஒரு முழுப் பெயர் உண்டு. சிட்னி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் விமான நிலையம். படிக்கவோ வேலைக்கோ அங்கே போய் இறங்கும் நம்ம ஊர்க்காரர்கள் பலர் டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். யாரென்று தேடியிருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பழைய 20 டாலர் காகித நோட்டில் 1966 முதல் 1994 வரை இருந்ததும் இவர் முகம்தான். ஒரு நாடே பணத்தில் அச்சடித்து வைத்த மனிதரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் கடைசியாகக் கிளம்பிய ஊர் நம்ம அலகாபாத். காணாமல் போனது நமக்குப் பக்கத்துக் கடலில், வங்காள விரிகுடாவைத் தாண்டியதும் வரும் அந்தமான் கடலில். அப்போது அவருக்கு வயது 38.

யார் இந்த ஸ்மித்தி?

1897 பிப்ரவரி 9-ம் தேதி பிரிஸ்பேனில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா வங்கி ஊழியர். குடும்பம் சில வருடம் கனடாவின் வான்கூவரில் இருந்தது. அங்கே தெருவுக்கு ஒரு ஸ்மித் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று அம்மாவின் குடும்பப் பெயரான கிங்ஸ்ஃபோர்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அவர் கடைசிவரை ஸ்மித்திதான்.

1907 ஜனவரியில், பத்து வயது நிரம்பும் முன்பே, சிட்னியின் பாண்டை கடற்கரையில் அலை இழுத்துப் போய் மூழ்கியவரை அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் காப்பாற்றினார்கள். அதே ஆட்கள் ஏழு வாரம் கழித்து அந்தக் கடற்கரையில் உயிர்காப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கடல் அவரை முதல் முறை விட்டுக்கொடுத்தது அப்போது.

முதல் உலகப்போரில் 18 வயதில் படையில் சேர்ந்தார். கலிபோலியில் இருந்தார், மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வேலை பார்த்தார். 1917-ல் பிரிட்டனின் விமானப்படைக்கு மாறினார். அதே வருடம் ஆகஸ்ட்டில் சுடப்பட்டு, இடது பாதத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டிவந்தது. மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். பாதி பாதத்தோடு ஒருத்தர் அடுத்த 18 வருடம் ரட்டர் பெடலை மிதித்து உலகைச் சுற்றினார் என்பது சாதாரண விஷயமில்லை.

போர் முடிந்ததும் வேலை இல்லை. 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நடந்த விமானப் போட்டியில் சேரப் பார்த்தார், அனுமதி கிடைக்கவில்லை. நீண்ட பயணத்துக்குத் தேவையான வழி கணிக்கும் அனுபவம் போதாது என்பது காரணம். அமெரிக்கா போய் ஹாலிவுட் படங்களுக்கு விமான ஸ்டண்ட் செய்தார். ஊர் திரும்பி மேற்கு ஆஸ்திரேலியாவில் தபால் விமானம் ஓட்டினார், அப்புறம் கீத் ஆண்டர்சன் என்ற நண்பரோடு சேர்ந்து லாரி கம்பெனி நடத்தினார். இந்த ஆண்டர்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக்கை யாரும் தாண்டியதில்லை

1920-களில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார்கள். பசிபிக் மட்டும் அப்படியே இருந்தது. இன்று 13, 14 மணி நேரத்தில் சினிமா பார்த்துக்கொண்டே கடக்கிற தூரம்தான். அன்று நடுவில் இறங்க ஹவாய், ஃபிஜி என்று இரண்டே புள்ளிகள். அந்தப் புள்ளியைத் தவறவிட்டால் பெட்ரோல் தீரும்வரை பறந்துவிட்டுக் கடலில் இறங்க வேண்டியதுதான்.

முதலில் பேர் வாங்க வேண்டுமே! 1927-ல் சார்லஸ் உல்ம் என்பவரோடு ஆஸ்திரேலியாவை 10 நாளில் சுற்றி வந்தார்கள். உல்ம் பறப்பதைவிடத் திட்டம் போடுவதிலும் பணம் புரட்டுவதிலும் கெட்டிக்காரர். இரண்டு பேரும் அமெரிக்கா போய், ஆர்க்டிக் பயணி ஹியூபர்ட் வில்கின்ஸிடமிருந்து மூன்று எஞ்சின் ஃபோக்கர் விமானம் ஒன்றை, எஞ்சின் இல்லாமல், வாங்கினார்கள். அதற்கு சதர்ன் கிராஸ் என்று பெயர் வைத்தார்கள். நடுவிலேயே பணம் தீர்ந்தது. விமானத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பும் நிலை. அப்போது ஆலன் ஹான்காக் என்ற கலிஃபோர்னியக் கோடீஸ்வரர் கைகொடுத்தார்.

1928 மே 31-ம் தேதி ஓக்லண்டிலிருந்து நான்கு பேர் கிளம்பினார்கள். ஸ்மித்தி, உல்ம், வழி கணிக்க ஹாரி லயன், ரேடியோவுக்கு ஜேம்ஸ் வார்னர். கடைசி இரண்டு பேரும் அமெரிக்கர்கள். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. துண்டுச்சீட்டில் எழுதி முன்னும் பின்னும் அனுப்பிக்கொண்டார்கள். ஹவாய் வரை 27 மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஃபிஜியின் சுவாவுக்கு சுமார் 5,000 கிலோமீட்டர், 34 மணி நேரத்துக்கு மேல். அதுவரை யாரும் கடலுக்கு மேல் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறந்ததில்லை. சுவாவில் விமான நிலையமே கிடையாது. ஊர் நடுவிலிருந்த ஆல்பர்ட் பார்க் மைதானத்தில் மரங்களை வெட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிரேக் இல்லாத விமானத்தை மைதானத்தின் ஓரத்தில் வட்டமடித்துத் திருப்பி நிறுத்தினார் ஸ்மித்தி. ஜூன் 9-ம் தேதி பிரிஸ்பேனில் இறங்கினார்கள். காற்றில் இருந்தது மொத்தம் 83 மணி நேரம்.

அதே வருடம் செப்டம்பரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இடையிலான டாஸ்மன் கடலை முதன்முதலாக நிற்காமல் தாண்டினார். 1930-ல் அயர்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவின் குறுக்கே பறந்து, ஓக்லண்டிலேயே போய் இறங்கி உலகச் சுற்றை முடித்தார். 1932-ல் சர் பட்டம். கேட்க ஒரே வெற்றிக் கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? நடுவில் 1929-ஐ விட்டுவிட்டோம்.

காபியும் பிராந்தியும்: பெயரைக் கெடுத்த 12 நாள்

1929 மார்ச் இறுதி. ஸ்மித்தியும் உல்மும் தங்கள் புது விமான கம்பெனிக்கு விமானம் வாங்க சதர்ன் கிராஸில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். கிளம்பியதும் நீள ரேடியோ ஏரியல் கழன்று விழுந்துவிட்டது. வழியில் வானிலை மோசம் என்று தரையிலிருந்து வந்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. புயலில் வழிதவறி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி பகுதியில், ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் இறக்கினார்கள். அவசர உணவு விமானத்தில் இல்லை. வேறொரு ஊருக்குக் கொண்டுபோன குழந்தை உணவையும் நத்தையையும் தின்று, கையிலிருந்த காபியில் பிராந்தி கலந்து குடித்துக் கிடந்தார்கள். காபி ராயல் என்று அந்த இடத்துக்கே பெயர் வந்தது அதனால்தான்.

12 நாள் கழித்து, ஏப்ரல் 12-ம் தேதி, தேடிப்போன விமானம் ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. ஆனால் அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. லாரி கம்பெனி கூட்டாளி கீத் ஆண்டர்சன் ஞாபகம் இருக்கிறதா? பசிபிக் பயணத் திட்டத்தில் ஆரம்பத்தில் அவரும் இருந்தார். பிறகு கழற்றிவிடப்பட்டார், ஸ்மித்தி மீதும் உல்ம் மீதும் வழக்குப் போட்டுத் தோற்றார். அந்த ஆண்டர்சன்தான் பழசையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பாப் ஹிட்ச்காக் என்ற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கூகபரா என்ற குட்டி விமானத்தில் நண்பனைத் தேடிக் கிளம்பினார். நடுப் பாலைவனத்தில் எஞ்சின் கோளாறு. டனாமி பாலையில் இறக்கியவர்களால், சுற்றியிருந்த புதரை வெட்டி ஓடுபாதை உண்டாக்கி மறுபடி எழும்ப முடியவில்லை. இரண்டு பேரும் தாகத்தில் செத்துப்போனார்கள். விமானத்தின் வால் துணியில் ஆண்டர்சன் எழுதி வைத்த குறிப்பு மட்டும் மிஞ்சியது.

ஊர் கொதித்தது. காணாமல் போனதே விளம்பரத்துக்காகப் போட்ட நாடகம் என்று பத்திரிகைகளில் பேச்சு கிளம்பியது. விசாரணை கமிட்டி ஸ்மித்தி மீது அப்படி எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அவசர உணவைக்கூடச் சரிபார்க்காமல் பாலைவனத்துக்கு மேல் கிளம்பியதற்கு நாடகம் என்ற விளக்கமே தேவையில்லை. அலட்சியம் என்ற விளக்கமே போதும். அதற்கான விலையைக் கொடுத்தது வேறு இரண்டு பேர். வைரலாகிற வதந்தியைத் தீர்ப்பு வந்து அழிப்பதில்லை என்பது இன்றைய சோஷியல் மீடியா கண்டுபிடிப்பு இல்லை. 1929-லேயே அப்படித்தான்.

இவ்வளவு புகழ், ஆனா கையில் காசு இல்லை

ஸ்மித்தியும் உல்மும் நடத்திய ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் 1930 ஜனவரியில் சேவையைத் தொடங்கியது. 1931 மார்ச் 21-ம் தேதி அதன் சதர்ன் கிளவுட் விமானம் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 8 பேரோடு கிளம்பிக் காணாமல் போனது. புயல் எச்சரிக்கை வந்தபோது அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது, அதில் ரேடியோ இல்லை. 1958-ல், 27 வருடம் கழித்து, மலையில் அணைத் திட்ட வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி தற்செயலாக அதன் மிச்சத்தைப் பார்த்தார். அந்த இழப்பும் பொருளாதார மந்தமும் சேர்ந்து கம்பெனியை மூடிவிட்டன.

அதன்பிறகு உலகப் புகழ் விமானி ஊர் ஊராகப் போய், மக்களை ஏற்றி வானத்தில் ஒரு ரவுண்டு காட்டி, ஆளுக்கு 10 ஷில்லிங் வாங்கிப் பிழைத்தார். விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அங்கே படித்தவர்களில் ஒருவர் நான்சி பேர்ட். சிட்னியின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இப்போது வைத்திருப்பது அவர் பெயரைத்தான். குரு பெயரில் ஒன்று, சிஷ்யை பெயரில் ஒன்று.

நடுநடுவே சாதனைப் பயணங்கள். 1933-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக 7 நாள் சொச்சத்தில் பறந்தார். வெளியில் தெரியாத ஒன்றும் இருந்தது. கடலுக்கு மேல் நீண்ட நேரம் தனியாகப் பறக்கும்போது திடீர் பதற்றமும் மயக்கமும் வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அதை பேனிக் அட்டாக் என்போம். அன்று ஒரு போர் வீரர், அதுவும் விமானி, அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

1934-ல் லண்டன் - மெல்போர்ன் போட்டிக்காக லாக்ஹீட் ஆல்டெயர் என்ற புது அமெரிக்க விமானம் வாங்கினார். ஒற்றை எஞ்சின், இரண்டே இருக்கை, பறக்கும்போது மடங்கிக்கொள்ளும் சக்கரம். அந்தக் காலத்துக்கு அதிவேகம். பெயர் லேடி சதர்ன் கிராஸ். ஆனால் எஞ்சின் உறையில் விரிசல் கண்டதால் போட்டிக்குப் போய்ச்சேர முடியவில்லை. பயந்து ஒதுங்கிவிட்டார் என்று பேசியவர்கள், கோழைக்கு அனுப்பும் வெள்ளை இறகை அவருக்கு அனுப்பினார்கள். பதிலாக அவர் அதே சிறு விமானத்தில், பி.ஜி. டெய்லரோடு, பசிபிக்கை எதிர்த் திசையில் பிரிஸ்பேனிலிருந்து ஓக்லண்டுக்குத் தாண்டிக் காட்டினார். அங்கே விமானத்தை விற்றுக் கடனை அடைப்பது திட்டம். யாரும் வாங்கவில்லை. அதே டிசம்பரில் பழைய கூட்டாளி உல்ம், ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்குப் பறந்தபோது தீவைக் கண்டுபிடிக்க முடியாமல் கடலில் தொலைந்துபோனார்.

1935 மே 15-ஐச் சொல்லாமல் விட முடியாது. மன்னரின் வெள்ளிவிழா தபாலோடு சதர்ன் கிராஸ் நியூசிலாந்துக்குக் கிளம்பியது. நடுக் கடலில், நடு எஞ்சினின் புகைக்குழாய்த் துண்டு உடைந்து பறந்து வலது எஞ்சினின் புரொப்பல்லரை நொறுக்கியது. மிச்சமிருந்த இரண்டில் இடது எஞ்சினுக்கு ஆயில் தீர்ந்துகொண்டே வந்தது. டெய்லர் விமானத்துக்கு வெளியே ஏறி, இறக்கையைத் தாங்கும் கம்பியில் கால் வைத்து, நின்றுபோன எஞ்சினிலிருந்து ஃபிளாஸ்க் உறையில் ஆயிலைப் பிடித்து, அதை உள்ளே கொடுத்து, மறுபக்கம் போய் ஓடும் எஞ்சினில் ஊற்றினார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. ரேடியோ பார்த்த ஜான் ஸ்டானேஜ் உள்ளேயிருந்து உதவினார். தபால் மூட்டைகளைக் கடலில் வீசி எடையைக் குறைத்து சிட்னிக்கே திரும்பினார்கள். மூன்று பேரும் பிழைத்தது ஆச்சரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று இன்று நாம் சொல்லலாம். ஆனால் மனைவி மேரியும் மூன்று வயதுகூட நிரம்பாத மகனும் வீட்டில், கடன் வாசலில். விற்க முடிந்தது சதர்ன் கிராஸ் ஒன்றைத்தான். அதை அரசாங்கம் வாங்கிக்கொண்டது.

கடைசிப் பயணம்: என்ன நடந்தது?

மீதியிருந்தது ஆல்டெயர். அதை இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சாதனை வேகத்தில் ஓட்டி வரத் திட்டமிட்டார். சாதனை என்றால் செய்தி, செய்தி என்றால் முதலீடு. அவர் கடைசியில் கட்ட நினைத்தது ஒழுங்கான ஒரு விமான சேவைதான்.

அக்டோபரில் கிளம்பிய முதல் முயற்சியில், இத்தாலிக்குப் பக்கத்தில் ஆலங்கட்டி மழையில் விமானம் அடிபட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அவருக்குக் காய்ச்சல் வேறு. 1935 நவம்பர் 6-ம் தேதி காலை இங்கிலாந்தின் லிம்ப்ன் மைதானத்திலிருந்து மறுபடி கிளம்பினார். கூட வந்தவர் மெக்கானிக்கும் துணை விமானியுமான டாமி பெத்திபிரிட்ஜ். ஏதென்ஸ், பாக்தாத் வழியாக மறுநாளே அலகாபாத். அது அன்று லண்டன் - சிங்கப்பூர் வான்வழியில் வழக்கமான ஒரு நிறுத்தம். மற்ற விமானங்கள் அங்கிருந்து கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று இறங்கி இறங்கிப் போகும். ஸ்மித்தி நவம்பர் 7 மாலை, இரவோடு இரவாக, நிற்காமல் சிங்கப்பூருக்கே கிளம்பினார். சுமார் 3,500 கிலோமீட்டர்.

அது எவ்வளவு பெரிய ரிஸ்க்? ஜிபிஎஸ் கிடையாது, ரேடார் கிடையாது. எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் பறந்தோம் என்று கணக்குப் போட்டு இப்போது எங்கே இருக்கிறோம் என்று ஊகிக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று தள்ளினால் அந்தக் கணக்கு மெல்ல மெல்லத் தப்பாகிக்கொண்டே போகும். பகலில் கரையையோ அலையையோ பார்த்துத் திருத்தலாம். இரவில் நட்சத்திரம் தெரிந்தால் உண்டு. நவம்பரில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டு ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள்: இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத, காய்ச்சலிலிருந்து எழுந்த ஒருவர், இன்னொரு முழு இரவு. மூன்று எஞ்சினில் ஒன்று போனாலும் டாஸ்மனிலிருந்து திரும்பி வந்தார்கள். இதில் இருந்ததே ஒன்றுதான்.

அதே வழியில் அதே இரவில் ஜிம்மி மெல்ரோஸ் என்ற 22 வயது ஆஸ்திரேலிய இளைஞரும் தன் சிறு விமானத்தில் ஆஸ்திரேலியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நவம்பர் 8 அதிகாலை இருட்டில், கடலுக்கு மேல், வேகமான ஒரு விமானம் தன்னைக் கடந்துபோனதையும் அதன் எஞ்சின் கக்கிய நெருப்பையும் பார்த்ததாக அவர் சொன்னார். அது ஸ்மித்தியின் விமானமாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் கடைசிக் காட்சி. சிங்கப்பூரில் காத்திருந்தவர்களுக்கு விமானம் வரவில்லை, அபாயச் செய்தியும் வரவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை தேடியது, மெல்ரோஸும் தன் சாதனை முயற்சியை விட்டுவிட்டுத் தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஜூலையில் மெல்ரோஸும் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார்.

ஒரு சக்கரம் மட்டும்

1937 மே மாதம். பர்மாவின் தென்கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் ஆயே தீவு என்று ஒரு சிறு தீவு. அங்கே மீனவர்கள் கண்ணில் பட்டது, விமானத்தின் ஒற்றைக் கால், அதன் நுனியில் சக்கரம். ஒன்றரை வருடம் கடலில் கிடந்தும் டயரில் காற்று இறங்கவில்லை. அது மிதந்து கரை சேர்ந்ததே அதனால்தான். லாக்ஹீட் நிறுவனம் எண்ணைச் சரிபார்த்து லேடி சதர்ன் கிராஸுடையதுதான் என்று உறுதி செய்தது. அதில் ஒட்டியிருந்த கடற்பாசியை ஆராய்ந்த தாவரவியலாளர்கள், விமானம் தீவுக்கு அருகிலேயே சுமார் 27 மீட்டர் ஆழத்தில் கிடக்கலாம் என்று கணித்தார்கள்.

எப்படி விழுந்தது? இருட்டில் தாழ்வாகப் பறந்து அந்தத் தீவின் குன்றிலேயே மோதிக் கடலில் விழுந்திருக்கலாம் என்பது ஒரு ஊகம். எஞ்சின் நின்றிருக்கலாம், புயலில் சிக்கியிருக்கலாம், தூக்கம் ஒரு நொடி அசத்தியிருக்கலாம். கிடைத்த ஒரு சக்கரத்தை வைத்து இதில் எதையும் உறுதி செய்ய முடியாது. 2009-ல் சிட்னியைச் சேர்ந்த திரைப்படக் குழு ஒன்று அந்தக் கடலடியில் விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. வல்லுநர்கள் பலர் நம்பவில்லை, மேலே எடுத்து நிரூபிக்கவும் இல்லை.

பசிபிக்கைத் தாண்டிய சதர்ன் கிராஸ் இப்போது பிரிஸ்பேன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி மண்டபத்தில் நிற்கிறது. கூகபராவின் துருப்பிடித்த மிச்சத்தை 1978-ல் பாலைவனத்திலிருந்து எடுத்துவந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வைத்திருக்கிறார்கள். ஆயே தீவில் கிடைத்த அந்தக் கால் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஸ்மித்தி, பெத்திபிரிட்ஜ் இரண்டு பேருக்கும் கல்லறை இல்லை.